148 கேள்விகள்

பூடானைப் பற்றி நான் முதன்முதலில் தெரிந்துகொண்டது ஒரு பவர்பாயின்ட் வழியாகத்தான். அதைத் தயாரித்தவனும் நானே.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடமோ நான்காவது வருடமோ. ஊழியர்களின் மகிழ்ச்சியை அளப்பதற்கு அலுவலகத்தில் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் மின்னஞ்சல் போகும். சிரிக்கிற முகத்தில் தொடங்கி அழுகிற முகம் வரை ஐந்து மஞ்சள் உருண்டைகள், கீழே இருபது கேள்விகள். பதில்களைத் திரட்டி ஒரு டேஷ்போர்டில் காட்டும் நிரலை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. மேலிடத்துக்கு விளக்க நாலு ஸ்லைடும் போடச் சொன்னார்கள். முதல் ஸ்லைடில் பாரோ பள்ளத்தாக்கின் செங்குத்துப் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் தக்ட்சாங் மடாலயத்தின் படத்தைப் போட்டேன். மொத்த தேசிய உற்பத்தியைவிட மொத்த தேசிய மகிழ்ச்சியே முக்கியம் என்று பூடானின் நான்காவது மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக் சொன்னதாக ஒரு வரியும் சேர்த்தேன். அறையில் எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த வரிக்கு எப்போதுமே தலையாட்டத்தான் தோன்றும்.

இவ்வளவு வருடம் கழித்து அந்த ஸ்லைடை நினைக்க வைத்தது ‘ஏஜென்ட் ஆஃப் ஹேப்பினஸ்’ என்ற ஆவணப்படம். பூடானைச் சேர்ந்த அருண் பட்டராயும் ஹங்கேரியைச் சேர்ந்த டோரோத்யா சுர்போவும் சேர்ந்து இயக்கியது. 2024 சன்டான்ஸ் விழாவில் முதலில் திரையிடப்பட்டது. படத்தின் நாயகர் அம்பர் குருங் அரசாங்கத்தின் மகிழ்ச்சிக் கணக்கெடுப்பாளர்களில் ஒருவர். நாற்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, வயதான தாயோடு இருக்கிறார். குணராஜ் என்ற சக கணக்கெடுப்பாளரோடு ஒரு சின்னக் காரில் மலைமலையாகப் போய், வீடுவீடாக உட்கார்ந்து 148 கேள்விகள் கேட்பதுதான் அவர் வேலை. எத்தனை மாடு இருக்கிறது? நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்? அக்கம்பக்கத்தாரை நம்புகிறீர்களா? கடைசியாகக் கோபம் வந்தது எப்போது?

படம் பார்த்து ஒரு முக்கால் மணி நேரம் நான் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன். காரில் இரண்டு பேரும் பாட்டுப் பாடிக்கொண்டு போகிறார்கள். பெண் பார்ப்பது பற்றிப் பேச்சு. மூன்று மனைவியரோடு வாழும் ஒருவர் தன் மகிழ்ச்சியை மளமளவென்று அடுக்குகிறார், அந்த மனைவியரின் முகங்களைக் காமிரா ஒன்றும் சொல்லாமல் காட்டுகிறது. குடிக்கு அடிமையான அம்மாவைக் கவனித்துக்கொள்ளும் ஒரு பெண், மேடையில் ஆடிப் பிழைக்கும் ஒரு திருநங்கை. ஒவ்வொருவரின் பகுதியும் முடியும்போது அவர்களுக்கான எண்கள் திரையில் வருகின்றன. மாடு இத்தனை, தன்னம்பிக்கை இத்தனை, மனநிறைவு பத்துக்கு இத்தனை. முகம் அங்கேயே நிற்கிறது, எண் வந்து அதன் பக்கத்தில் உட்கார்கிறது. இரண்டும் ஒட்டுவதில்லை. படத்தின் நகைச்சுவையும் துயரமும் அந்த இடைவெளியில்தான் இருக்கின்றன.

பிறகுதான் அந்த விஷயம் வருகிறது. ரொம்பவும் சாதாரணமாக, யாரோ மறந்துபோய் சொல்வதுபோல வருகிறது. அம்பருக்கு பூடான் குடியுரிமை கிடையாது. சிறுவயதிலேயே பறிக்கப்பட்டது. எந்த அரசாங்கத்தின் சார்பில் அவர் வீடுவீடாகப் போய் ‘மகிழ்ச்சியா?’ என்று கேட்கிறாரோ, அந்த அரசாங்கத்தின் பதிவேட்டில் அவர் குடிமகன் இல்லை.

படத்தை அங்கேயே நிறுத்திவிட்டு எழுந்து போய் ஒரு காபி போட்டுக்கொண்டு வந்தேன்.

*

அந்தக் கார் போகும் பாதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. பூடானின் பரப்பு சுமார் 38,000 சதுர கிலோமீட்டர், நம் கேரளத்தின் அளவுதான். மக்கள்தொகையோ 2017 கணக்கெடுப்பின்படி 7.27 லட்சம். சென்னையின் நாலைந்து பேட்டைகளில் அடங்கிவிடும் ஜனம். வடக்கே திபெத்தை ஒட்டிய பனிமலைகள். அங்கே இருக்கும் கங்கார் புயென்சம் 7,570 மீட்டர் உயரம், மனிதன் ஏறாத சிகரங்களில் உலகிலேயே உயரமானது என்று சொல்லப்படுவது. 2003 முதல் பூடானில் மலையேற்றமே தடை, ஆகவே அது அப்படியேதான் இருக்கும். நடுவில் பாரோ, திம்பு, புனாகா, பும்தாங் என்று ஒன்றை ஒன்று பார்க்க முடியாத பள்ளத்தாக்குகள், நடுநடுவே கணவாய்கள். தெற்கே மலை இறங்கி அசாம், வங்கச் சமவெளியைத் தொடும் ஒரு வெப்பமான பட்டை. அந்தச் சமவெளியையும் ஒரு காலத்தில் பூடான்தான் வைத்திருந்தது. 1864-65 போரில் தோற்று, சிஞ்சுலா உடன்படிக்கையில் துவார் பகுதியை ஆங்கிலேயரிடம் கொடுத்தது. பதிலுக்கு வருடம் 50,000 ரூபாய் வரை மானியம்.

இந்தத் தெற்குப் பட்டையில்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நேபாளி பேசும் விவசாயிகள் வந்து காட்டைத் திருத்திக் குடியேறினார்கள். பூடானியர் அவர்களை லோட்ஷம்பா என்கிறார்கள், தெற்கத்தியார் என்று பொருள். பெரும்பாலும் இந்துக்கள். மேற்கின் ங்கலொங்குகளும் கிழக்கின் ஷார்ச்சோப்புகளும் பௌத்தர்கள். அரசகுடும்பமும் அதிகாரமும் பௌத்தர்களிடம். 1907இல் உக்யென் வாங்சுக் முதல் மன்னரானது தொடங்கி இன்றுவரை ஐந்து மன்னர்கள்தான்.

நேரு 1958இல் பூடான் போனபோது சாலையே கிடையாது. சிக்கிம் வழியாகத் திபெத்தின் சும்பி பள்ளத்தாக்கில் இறங்கி, குதிரையிலும் யாக்கிலுமாகப் போய்ச் சேர்ந்தார். சாலை வந்தது 1960களில், இந்தியாவின் எல்லைச் சாலை அமைப்பு போட்டது. அம்பரின் கார் ஓடும் தார்ச்சாலைகளின் வரலாறு அவர் வயதைவிட ஒரு தலைமுறைதான் மூத்தது.

*

இப்போது கணக்குக்கு வருகிறேன். படம் இதைத் தொடவில்லை. ஒரு ஆவணப்படம் சூத்திரங்களைக் காட்ட வேண்டும் என்று நானும் கேட்க மாட்டேன். ஆனால் நான் சோறு தின்பது இந்த மாதிரி வேலையில் என்பதால் விட முடியவில்லை.

மொத்த தேசிய மகிழ்ச்சிக் குறியீட்டில் ஒன்பது களங்கள். மனநலம், உடல்நலம், கல்வி, நேரப் பயன்பாடு, பண்பாடு, நல்லாட்சி, சமூக உறவு, சுற்றுச்சூழல், வாழ்க்கைத் தரம். ஒன்பதுக்கும் சமமான எடை. அவற்றுக்குள் மொத்தம் 33 அளவைகள், ஒவ்வொன்றுக்கும் ‘இது போதும்’ என்று ஒரு கோடு. கோட்டைத் தாண்டினால் தாண்டியதுதான், அதற்கு மேல் எவ்வளவு குவித்தாலும் கூடுதல் மதிப்பெண் இல்லை. பேராசைக்கு மார்க் கிடையாது என்று கணக்கிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். இது நிஜமாகவே அழகான யோசனை. 66 சதவீத எடைக்குப் போதுமானதை எட்டியவர் மகிழ்ச்சியானவர். 77ஐத் தாண்டியவர் ஆழ்ந்த மகிழ்ச்சியில் இருப்பவர். 50க்குக் கீழே இருப்பவர் மகிழ்ச்சியற்றவர். 2010இல் 0.743 ஆக இருந்த தேசியக் குறியீடு 2015இல் 0.756, 2022இல் 0.781. கடைசிக் கணக்கெடுப்பில் பதினோராயிரத்துச் சொச்சம் பேரிடம் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். அத்தனை செய்முறையையும் வெளிப்படையாக அச்சிட்டு வைத்திருக்கிறார்கள் என்பதால்தான் என்னால் இதை எழுத முடிகிறது. அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு.

செய்முறையில் எடைகள் பட்டியலைப் பார்த்துக்கொண்டே வந்தவன் இரண்டு வரிகளில் நின்றுவிட்டேன். நல்லாட்சி என்ற களத்துக்குள் நான்கு அளவைகள். அரசியல் பங்கேற்புக்கு 40 சதவீதம், அரசுச் சேவைகளுக்கு 40, ஆட்சியின் செயல்பாட்டுக்கு 10, அடிப்படை உரிமைகளுக்கு 10. ஒன்பதில் ஒரு பங்கில் பத்தில் ஒரு பங்கு. மொத்தக் குறியீட்டில் அடிப்படை உரிமைகளின் எடை 1.1 சதவீதம். பண்பாடு என்ற களத்துக்குள் திரிக்லம் நம்ஜா என்ற அளவைக்கு 20 சதவீதம். அதாவது மொத்தத்தில் 2.2. திரிக்லம் நம்ஜா என்பது எப்படி உடுத்துவது, எப்படி வணங்குவது, பெரியவர் முன் எப்படி நிற்பது என்று சொல்லும் நடைநெறி. பூடானின் மகிழ்ச்சிக் கணக்கில் ஒருவரது அடிப்படை உரிமைகளைவிட இந்த நடைநெறிக்கு இரண்டு மடங்கு எடை.

அபிப்பிராயக் கேள்விகளுக்கு எடையைக் குறைத்தோம் என்று வடிவமைத்தவர்கள் காரணம் சொல்கிறார்கள். நியாயமான காரணம்தான். மனிதர்கள் தங்கள் உரிமைகளைப் பற்றிச் சொல்வது அன்றைய மனநிலையைப் பொறுத்தது. ஆனால் நடைநெறி உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பது மட்டும் என்ன, தராசில் நிறுக்கிற சமாச்சாரமா?

சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மனிதருக்கு ஓட்டு இல்லை, அரசியல் பங்கேற்பில் பூஜ்யம். அடிப்படை உரிமையிலும் பூஜ்யம். மற்ற எல்லாம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவருக்குப் போவது 5.6 சதவீதம். மிச்சம் 94.4. ஆழ்ந்த மகிழ்ச்சி! குடியுரிமை இருக்கிறதா என்பது 33 அளவைகளில் ஒன்றாகவே இல்லை. அம்பரின் கையிலிருக்கும் படிவத்தில் அம்பரின் துயரத்துக்குக் கட்டம் கிடையாது.

இதைக் கண்டுபிடித்த பெருமிதம் எனக்கு ரொம்ப நேரம் நிற்கவில்லை. என் டேஷ்போர்டு ஞாபகத்துக்கு வந்தது. அதில் ஒரு வடிகட்டி இருந்தது. ஒரே வரி. நிரந்தர ஊழியர்களை மட்டும் எடு, மற்றவர்களை விடு. யாரும் அப்படிச் செய்யச் சொன்னதாக நினைவில்லை. ஒப்பந்தக்காரர்களுக்கு அலுவலக மின்னஞ்சல் இல்லை, அதனால் நானாகவே எழுதியது. பேன்ட்ரி பக்கத்தில் ஒரு டிவியில் அந்த மதிப்பெண் நாள் முழுக்க ஓடும். அங்கே துடைத்துக்கொண்டிருந்த அக்கா ஒருநாள் கேட்டார்: “தம்பி, அதுல வர்ற மார்க்கு எங்களையும் சேர்த்தா?” நான் சிரித்து மழுப்பிவிட்டு கப்பை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். அடுத்த வருடம் பரிசோதனைப் பிரிவில் பாதிப் பேரை ஒப்பந்தத்துக்கு மாற்றினார்கள். சோர்ந்துபோயிருந்த பிரிவு அது. அவர்கள் கணக்கிலிருந்து விழுந்ததும் மதிப்பெண் ஏறியது. கைதட்டினார்கள். நானும்தான்.

*

பூடானின் வடிகட்டி 1985இல் எழுதப்பட்டது. அந்த வருடத்துக் குடியுரிமைச் சட்டம், 1958 டிசம்பர் 31க்கு முன்பே நீ இந்த நாட்டில் வசித்தாய், பெயர் பதிவாகியிருந்தது என்பதைக் காட்டச் சொன்னது. 1988இல் தெற்கு மாவட்டங்களில் கணக்கெடுப்பு நடந்தது. ஜனங்களை எஃப்-1 முதல் எஃப்-7 வரை ஏழு வகையாகப் பிரித்தார்கள். எஃப்-1 என்றால் அசல் பூடானியர், எஃப்-7 என்றால் அந்நியர். நடுவில் திரும்பி வந்தவர்கள், கணக்கெடுப்பின்போது ஊரில் இல்லாதவர்கள், வெளிநாட்டாரை மணந்தவர்கள், தத்துப் பிள்ளைகள். ஒரே வீட்டில் கணவன் ஒரு எண், மனைவி ஒரு எண். முப்பது வருடத்துக்கு முந்தைய நில வரி ரசீதைக் கேட்டார்கள். 1957 ரசீதைக் காட்டியவர்களிடம், 1958தான் வேண்டும் என்று சொல்லப்பட்டதாக அகதிகள் சாட்சியம் தந்திருக்கிறார்கள்.

தமிழ் வாசகருக்கு இந்த ரசீது விவகாரம் புதிதாக இருக்காது. 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் தேயிலைத் தோட்டத் தொழிலாளியிடம் அவன் தகப்பன் பிறந்த இடத்துக்குச் சான்று கேட்டது. பிறப்புப் பதிவே சரியாக நடக்காத லயங்களில் போய் அதைக் கேட்டது. லட்சக்கணக்கானவர்கள் ஒரே சட்டத்தில் நாடற்றவரானார்கள். இல்லாத காகிதத்தைக் கேட்பது என்பது நன்றாக யோசித்துச் செய்யப்படும் காரியம்.

அடுத்து 1989இல் திரிக்லம் நம்ஜா அரசாணையாக வந்தது. பொது இடங்களில் ஆண்கள் கோ, பெண்கள் கிரா அணிய வேண்டும். வடக்கின் குளிருக்கு ஏற்ற கனத்த உடைகள், தெற்கின் புழுக்கத்தில். பள்ளிகளில் நேபாளி மொழிப் பாடம் நிறுத்தப்பட்டது. 1990இல் தெற்கில் ஆர்ப்பாட்டங்கள் வெடித்தன, வன்முறையும் நடந்தது, ராணுவம் இறங்கியது. கைதுகள், வீடு இடிப்புகள், ‘விருப்பப்பட்டு வெளியேறுகிறேன்’ என்ற படிவங்களில் கையெழுத்துகள். இந்தியா வழியாக நேபாளத்தின் ஜாபா, மோரங் மாவட்டங்களுக்குப் போய் முகாம்களில் ஒதுங்கினார்கள். எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. நாட்டின் மக்கள்தொகையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு.

திம்புவின் அச்சத்தையும் சொல்ல வேண்டும், சொல்லாமல் விட்டால் அது விமர்சனமாகாது. பக்கத்து வீடான சிக்கிமில் நேபாளி பேசுவோர் பெரும்பான்மையாகி, 1975இல் மன்னராட்சி போய், நாடே இந்தியாவில் இணைந்துவிட்டது. 1986 முதல் டார்ஜிலிங்கில் கூர்க்காலாந்துக் கிளர்ச்சி. ஏழு லட்சம் பேருள்ள ஒரு பௌத்த அரசு, அடுத்தது நாம்தான் என்று நினைத்ததில் வியப்பில்லை. பயம் நிஜம். ஆனால் அந்தப் பயத்துக்கு விலை கொடுத்தவர்கள் பயமுறுத்தியவர்கள் இல்லை. எலுமிச்சையும் ஆரஞ்சும் ஏலக்காயும் பயிரிட்டுக்கொண்டிருந்த குடியானவர்கள்.

2001இல் பூடானும் நேபாளமும் சேர்ந்து குதுனாபாரி முகாமில் இன்னொரு கணக்கெடுப்பு நடத்தின. இம்முறை நான்கு வகை. பலவந்தமாக வெளியேற்றப்பட்ட அசல் பூடானியர் என்று அதில் தேறியவர்கள் மூன்று சதவீதத்துக்கும் குறைவு. பெரும்பாலானோர் ‘தாமாகவே போனவர்கள்’ ஆனார்கள். பிறகு 2007 முதல் அமெரிக்கா உள்ளிட்ட எட்டு நாடுகள் அவர்களை எடுத்துக்கொண்டன. ஒரு லட்சத்துப் பதின்மூன்றாயிரம் பேர் வரை போய்ச் சேர்ந்தார்கள், பெரும்பகுதி அமெரிக்காவுக்கு. 2025இல் அமெரிக்கா அவர்களில் சிலரை நாடுகடத்தி பூடானுக்கு விமானம் ஏற்றியது. பூடான் அவர்களை இந்திய எல்லையில் கொண்டுபோய் விட்டது. சிலர் மறுபடியும் நேபாளத்தில் அதே முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள்.

மகிழ்ச்சிக் கணக்கெடுப்பு நாட்டுக்குள் இருக்கும் வீடுகளில் எடுக்கப்படுவது. 0.743, 0.756, 0.781. இந்த மூன்று எண்களிலும் அந்த ஒரு லட்சம் பேர் இல்லை.

*

படம் இதில் எவ்வளவைச் சொல்கிறது? மிகக் கொஞ்சம். என் மனக்குறை அதில்தான்.

வரலாறு தெரியாமல் பார்க்கும் ஒருவருக்கு அம்பரின் நிலைமை ஏதோ அலுவலகத் தாமதம் போலத் தெரியும். பாவம், காகிதம் சரியில்லை, சீக்கிரம் கிடைத்துவிடும். தனிமையில் வாடும் நல்ல மனிதர், அம்மாவின் நகத்தை வெட்டிவிடுகிற மாதிரியான பிள்ளை, காதல் கைகூடுமா என்ற படமாகவும் அதைப் பார்த்துவிட முடியும். வெளிநாட்டு விழாக்களில் அப்படித்தான் பலர் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். 1990 என்ற ஆண்டைத் தெளிவாக ஒரு வரியில் எழுதிக் காட்டியிருந்தால் படத்தின் எடையே வேறாகியிருக்கும்.

இப்படி எழுதிவிட்டு, ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பார்த்தேன். இயக்குநர்களில் ஒருவர் அந்த ஊர்க்காரர். படத்தில் இருக்கும் அம்பர் நாளைக்கும் அங்கேதான் இருக்க வேண்டும், அதே அலுவலகத்தின் முன்புதான் நிற்க வேண்டும். அவரைப் பேசவிட்டுத் தான் கைதட்டு வாங்கிக்கொள்ளும் படத்தை எடுப்பது சுலபம். இவர்கள் அதைச் செய்யவில்லை. அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தயக்கம் சரியானது என்பதால் படத்தின் குறை குறையாக இல்லாமல் போய்விடாது. இரண்டும் உண்மை. பூடானுக்குள்ளிருந்து எடுக்கக்கூடிய மிக நேர்மையான படம் இது என்றால், அந்த நேர்மை எந்த இடத்தில் நிற்க நேர்கிறது என்பதும் அந்த நாட்டைப் பற்றிய தகவல்தான்.

ஒப்பிடுவதற்காக பாவோ சோய்னிங் டோர்ஜியின் இரண்டு படங்களையும் மறுபடி பார்த்தேன். ‘லுனானா: எ யாக் இன் த கிளாஸ்ரூம்’ (2019) ஆஸ்கர் பரிந்துரைக்குப் போன முதல் பூடான் படம். ஆஸ்திரேலியா போய்ப் பாடகனாக வேண்டும் என்று கனவு காணும் இளம் ஆசிரியன் உக்யென், பனிமலையடியில் உலகத்திலிருந்து துண்டிக்கப்பட்ட லுனானாவின் பள்ளிக்கு அனுப்பப்படுகிறான். நாட்கணக்கில் நடக்க வேண்டும். கரும்பலகை இல்லை, வகுப்பறைக்குள் ஒரு யாக். பிறகு என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பழைய கதைதான், ஆனால் பெம் சாம் என்ற அந்தச் சிறுமி காமிராவைப் பார்த்ததும் என் விமர்சன புத்தியெல்லாம் உருகிப்போய்விட்டது. லுனானா அழகான இடம் மட்டுமல்ல. 1994 அக்டோபரில் அங்கே ஒரு பனியேரி உடைத்துக்கொண்டு வந்த வெள்ளம் கீழே புனாகா கோட்டைவரை போய் இருபதுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. படத்தின் பனி கரைந்துகொண்டிருக்கும் பனி. அதை ஒரு வசனமாகப் போட்டுவிட்டுக் கடந்துவிடுகிறார் இயக்குநர்.

‘த மங்க் அண்ட் த கன்’ (2023) இன்னும் கூர்மையான படம். மன்னர் தானாகவே மக்களாட்சியைக் கொண்டுவரும் காலம். ஓட்டுப் போடவே தெரியாத ஜனங்களுக்கு ஒத்திகைத் தேர்தல் நடத்துகிறார்கள், நீலம், சிவப்பு, மஞ்சள் என்று கற்பனைக் கட்சிகளோடு. பக்கத்து வீட்டுக்காரனை வெறுக்கவும் கத்தவும் அதிகாரிகள் கற்றுக்கொடுக்கிறார்கள். ஒத்திகை உண்மையிலேயே 2007இல் நடந்தது. மன்னரின் நிறமான மஞ்சள் கட்சி கிட்டத்தட்ட எல்லாத் தொகுதியிலும் ஜெயித்தது. மறுவருடம் நிஜத் தேர்தலில் 47 இடங்களில் 45ஐ ஒரே கட்சி அள்ளியது. அதற்குப் பிறகு 2013, 2018, 2024 என்று மூன்று முறையும் ஆளுங்கட்சியை ஜனங்கள் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஜனங்கள் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள். அரசியலே இல்லாமல் நிம்மதியாக இருந்த கிராமத்தைத் தேர்தல் வந்து கெடுத்தது என்று படம் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறது. நானும் சிரித்தேன். தெற்கிலிருந்து பார்த்தால் இந்தச் சிரிப்பு வராது. ஓட்டே இல்லாத ஒருவருக்கு, ஓட்டால் வரும் தொல்லை பற்றிய நகைச்சுவை எப்படிக் கேட்கும்?

இரண்டும் மோசமான படங்கள் என்று நான் சொல்லவில்லை. லுனானா ஒரு விஷயத்தில் அரசாங்கத்தின் எந்த அறிக்கையையும்விட உண்மையானது: இளைஞர்கள் கிளம்புகிறார்கள். ஆசிரியர்கள், செவிலியர்கள், அரசு அதிகாரிகள் என்று திம்புவிலிருந்து பெர்த்துக்கும் சிட்னிக்கும் போய்க்கொண்டே இருக்கிறார்கள். நாட்டுப் பொருளாதாரத்தைப் பார்த்தால் காரணம் புரியும். விற்க இருப்பது ஓடுகிற தண்ணீர். சுகா 336 மெகாவாட், தாலா 1,020, மாங்தேசு 720. இந்தியப் பணத்தில் கட்டி, இந்தியாவுக்கே மின்சாரம் விற்று, கடனையும் இந்தியாவுக்கே அடைக்கும் ஏற்பாடு. குளிர்காலத்தில் ஆறு சுருங்கும்போது அதே இந்தியாவிலிருந்து மின்சாரம் வாங்க வேண்டும். 1,200 மெகாவாட்டுக்குத் திட்டமிட்ட புனாட்சாங்சு முதல் அணை, பக்கத்து மலைச்சரிவு நகர ஆரம்பித்ததால் வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கிறது. அணைக்கட்டில் கோடிகள் புரளும், ஆனால் படித்து வரும் பிள்ளைகளுக்கு அங்கே எத்தனை நாற்காலி இருக்கும்? சுற்றுலாவுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 டாலர் கட்டணம், நமக்கு 1,200 ரூபாய். மிச்ச மின்சாரத்தில் அரசு நிறுவனமே பிட்காயின் வெட்டி எடுக்கிறது. (மொத்த தேசிய மகிழ்ச்சியும் பிட்காயினும் ஒரே நாட்டில். நம் துறை நண்பர்கள் எவருக்கும் இந்தச் செய்தியை நான் சொல்லாமல் விட்டதில்லை.) 2023 டிசம்பரில் அந்நாடு மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலிலிருந்து வெளியேறியது. அதே மாதம் மன்னர் தெற்கே கெலெபுவில் ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் ஒரு ‘மனநிறைவு நகரம்’ கட்டப்போவதாக அறிவித்தார், போன பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிட. கெலெபு இருப்பது சர்பாங் மாவட்டத்தில். 1990களில் ஏராளமான லோட்ஷம்பா குடும்பங்கள் கிளம்பிப்போன மாவட்டங்களில் அதுவும் ஒன்று.

லுனானாவின் உக்யென் ஆஸ்திரேலியா போய்விடுகிறான். கடைசிக் காட்சியில் சிட்னியில் ஒரு மதுக்கூடத்தில், யாரும் கவனிக்காத கூட்டத்தின் முன்னால் நின்றுகொண்டு தன் மலையின் பாட்டைப் பாடுகிறான். ஊர் ஏக்கம். அந்த ஏக்கத்துக்குக்கூட ஒரு பாஸ்போர்ட் வேண்டும் என்பது எனக்கு அம்பரைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

அம்பருக்கு சரிதா என்ற பெண்ணோடு பழக்கம் ஏற்படுகிறது. இருவரும் சேர்ந்திருக்கும் காட்சிகளில் அவர் வேறு மனிதர், முடியைக் கோதிக்கொள்வதே தனி அழகு. சரிதாவும் ஆஸ்திரேலியா போக வேண்டும் என்கிறாள். கூட வா என்கிறாள். அவரால் போக முடியாது. குடியுரிமை இல்லாதவருக்குப் பாஸ்போர்ட் இல்லை. அதை அவர் அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் நேரத்தில், 148 கேள்விகள் கேட்டுப் பழகிய அந்த மனிதர் அவளிடம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

மறுநாள் காலையில் காரில் ஏறுகிறார். அடுத்த மலை, அடுத்த வீடு.